அந்த 341 மட்டும்

"அரசுப் பேருந்தைச் சிறைபிடித்து மீனவர்கள் மறியல்" என்று செய்தித்தாளில் வந்த ஒரு துண்டுச் செய்தியை வெட்டி என் கடை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே அதே வாரம் வந்த இன்னொரு துண்டு: "தமிழக மீனவர்களைச் சிறைபிடித்தது இலங்கைக் கடற்படை." இரண்டிலும் ஒரே வினைச்சொல். முதலில் பெருமைக்காகத்தான் வைத்தேன். படத்தில் பேருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் நானும் இருக்கிறேன். எனக்கு இரண்டு பேர் தள்ளி என் அக்கா மகன் கையை உயர்த்திக் கத்திக்கொண்டிருக்கிறான். நான்கு வருடம் ஆகிவிட்டது. இன்னும் எடுக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இப்போது வேறு. ரொம்ப நாளாக மனசில் கிடக்கிற அந்த விஷயத்தை எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எதற்காக அந்த மறியல் என்று இந்தக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1974-லும் 1976-லும் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தங்களில் எங்களைக் கேட்காமல் கடலில் ஒரு கோடு விழுந்தது. அதிலிருந்து படகு பிடிபடுவதும், ஆட்கள் யாழ்ப்பாணத்தில் அடைபடுவதும், வீட்டுப் பெண்கள் கலெக்டர் அலுவலக வாசலில் நிற்பதும் எங்களுக்கு மழை வெயில் மாதிரி ஆகிவிட்டது. 2017 மார்ச்சில் தங்கச்சிமடத்துப் பையன் ஒருவன் நடுக்கடலில் சுடப்பட்டுச் செத்தபோது ஊரே நாள்கணக்கில் உட்கார்ந்திருந்தது. அந்தக் கோபத்தில் ஒரு துளிகூடப் பொய் இல்லை. இதற்குப் பிறகு நான் எழுதப்போவதில் எதுவும் அந்தக் கோபத்துக்கு எதிரானது இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மறியலுக்கு முன்னால் பிடிபட்ட படகுகளில் ஒன்று என் அக்கா வீட்டுக்காரர் போன படகு. ராமேஸ்வரம் தீவுக்கு வெளியே போக இருப்பது ஒரே ரோடு. அதில் தங்கச்சிமடத்தில் உட்கார்ந்துவிட்டால் ராமேஸ்வரத்துக்கு யாரும் வர முடியாது, அங்கேயிருந்து யாரும் போகவும் முடியாது. அதனால்தான் அங்கே உட்கார்ந்தோம். ஒலிபெருக்கியைக் கையில் வாங்கிய ஒருவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "இது சுதந்திர நாடு. ரோட்டுல உக்காரக் கூடாதுன்னு சொல்ல எவனுக்கும் அதிகாரம் கிடையாது. சட்டம் போட்டவன் நம்மளக் காப்பாத்தல. அப்புறம் அந்தச் சட்டம் நமக்கு எதுக்கு?" கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். கேட்கும்போது நெஞ்சில் நேராகப் போய் உட்காரும் பேச்சு அது. அதற்குள் இருந்த வலியும் அதற்குள் இருந்த பிழையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடந்ததால் இரண்டையும் பிரித்துப் பார்க்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

பேருந்தில் முப்பது பேர் இருந்திருப்பார்கள். பதினொரு மணி வெயில். அரை மணி நேரத்தில் பாதிப் பேர் இறங்கி நடந்துவிட்டார்கள். ஒரு வயதான அம்மா மட்டும் படிக்கட்டுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். காலடியில் ஈரச் சாக்கு போட்டு மூடிய அன்னக்கூடை. சின்னப்பாலத்துக்காரர், பாலம் தாண்டி உச்சிப்புளிக்கு மீன் கொண்டுபோகிறவர் என்று பிறகு தெரிந்தது. விசைப்படகு எதுவும் கடலுக்குப் போகாத நாள். ராமேஸ்வரத்தில் நாட்டுப்படகுக்காரர்களிடம் விடியக்காலையில் ஏலம் எடுத்த சூடை மீன். சூடையை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். முதலில் கண் சிவக்கும், அப்புறம் வயிறு வெடிக்கும். அந்த அம்மா இறங்கி வந்து முன்வரிசையில் இருந்த பையன்களிடம், "ஏப்பா, அந்தா அந்த ஆட்டோ மட்டும் போகட்டுமே, நான் கூடையை அதுல ஏத்திக்கிறேன்" என்றார். என் அக்கா மகன்தான் பதில் சொன்னான். "ஆத்தா, இது போராட்டம். ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க. ஒரு நாள் பொறுத்துக்கங்க. உங்களுக்கும் சேர்த்துத்தான் உக்காந்திருக்கோம்." அவன் கெட்ட பையன் இல்லை. அப்பா எந்தச் சிறையில் இருக்கிறார் என்று தெரியாமல் இரண்டு நாள் தூங்காதவன். அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் ரோட்டில் வடிந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றரை மணி நேரம் கழித்துப் போலீஸ் எங்களை வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் கொண்டுபோய் வைத்தது. தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து பெயர், தகப்பனார் பெயர், ஊர், போன் நம்பர் எழுதிக்கொண்டு போனார். விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேர் பெயரை மாற்றிச் சொன்னார்கள். என் அக்கா மகன் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னான். எழுதுகிறவருக்கு அவன் இனிஷியல் தப்பாகக் கேட்டபோது திருத்தவும் செய்தான். ஏழு மணிக்கு "எல்லாரும் போகலாம்" என்றார்கள். வெளியே வந்து டீ குடித்தோம். "விட்டுட்டாங்க" என்பதுதான் அன்றைக்கு எல்லார் வாயிலும் இருந்த சொல். மறுநாள் பேப்பரிலும் "மாலையில் விடுவிக்கப்பட்டனர்" என்றுதான் வந்தது. மண்டபத்தில் வைத்தால் அது கைது இல்லை, வெளியே விட்டால் வழக்கு இல்லை என்று எங்கள் பக்கம் ஒரு பலமான நம்பிக்கை உண்டு. அரசியல் கட்சிக்காரர்கள் நூறு தடவை போய் வந்து ஊருக்குக் கற்றுக்கொடுத்த நம்பிக்கை அது.

பாஸ்போர்ட்

நான் வைத்திருப்பது ஜெராக்ஸும் ஆன்லைன் விண்ணப்பமும் போடுகிற சின்னக் கடை. கடலை நம்பிப் பிரயோசனம் இல்லை என்று முடிவு செய்த பையன்கள் எல்லாரும் முதலில் வந்து நிற்பது என் கடையில்தான். வளைகுடா நாட்டுக்கு வெல்டிங், பைப் ஃபிட்டிங் என்று போக பாஸ்போர்ட் விண்ணப்பம். அக்கா வீட்டுக்காரர் நான்கு மாதத்தில் திரும்பி வந்தார், படகு வரவில்லை. கடன் அப்படியே நின்றது. அக்கா மகன் வெல்டிங் படித்தான். குவைத்தில் ஒரு வேலைக்கு ஆள் கேட்டார்கள். அவன் விண்ணப்பத்தை நான்தான் தட்டினேன். 'இந்தியாவில் உள்ள நீதிமன்றத்தில் குற்ற வழக்கு ஏதேனும் நிலுவையில் உள்ளதா' என்ற கேள்வி வந்தது. நான் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் 'இல்லை' என்று அழுத்தினேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. காவல்துறை விசாரணை அறிக்கை பாதகமாக வந்திருக்கிறது, விளக்கம் தரவும் என்று. ஒரு நிலையத்தின் பெயரும், எஃப்.ஐ.ஆர். எண்ணும், இந்தியத் தண்டனைச் சட்டத்தின் மூன்று பிரிவுகளும் இருந்தன. 143, 341, 188. அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, எம்புள்ள களவாண்டானா?" என்று என்னைக் கேட்டாள்.

இங்கே ஒன்றை எழுதத்தான் வேண்டும். பதிவான எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது. வெளியே தெரியக் கூடாத சில வழக்குகளுக்கு மட்டும் விலக்கு. தமிழ்நாடு காவல்துறையின் தளத்திலேயே தேடிப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு நான் எத்தனையோ முறை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். மண்டபத்திலிருந்து வெளியே வந்த மறுநாள் என் கடையில் உட்கார்ந்து இரண்டு நிமிடம் தேடியிருந்தால் மூன்று வருடத்துக்கு முன்பே தெரிந்திருக்கும். எங்களுக்கு வழக்கு இருக்கும் என்ற எண்ணமே வரவில்லை. சட்டம் நமக்கு எதற்கு என்று கைதட்டியவர்களுக்குச் சட்டம் தன் பாட்டுக்கு எங்களைப் பற்றி எழுதி வைத்திருக்கும் என்று தோன்றவில்லை.

மூன்று எண்கள்

ராமநாதபுரம் கோர்ட்டில் தொழில் பார்க்கிற ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். அக்கா, அக்கா மகன், நான். அவர் காகிதத்தை மேசையில் வைத்து ஒவ்வொரு எண்ணாக விரலை வைத்தார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் என் தலைக்குள் ஏதோ இடம் மாறியது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதலில் கடைசி எண்ணைத் தொட்டார், 188. அரசு ஊழியர் போட்ட உத்தரவை மீறுவது. "உங்க ஊருல அன்னிக்கு என்ன உத்தரவு போட்டிருந்தாங்க?" என்று கேட்டார். அக்கா மகன், "144 மேடம்" என்றான். "பாத்தீங்களா? படிச்சீங்களா?" இல்லை. 144 என்றால் நாலு பேர் சேர்ந்து நிற்கக் கூடாது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்களுக்கு 144 புதிதில்லை. பல வருடமாக செப்டம்பர், அக்டோபரில் பரமக்குடி, பசும்பொன் நிகழ்ச்சிகளையொட்டிக் கலெக்டர் போடுவார், வெளி மாவட்ட வண்டிகளை நிறுத்துவார்கள். ஆனால் அது வானத்தில் போடுகிற கட்டளை இல்லை என்றார் வக்கீலம்மா. எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்லியிருக்க வேண்டும், எதைத் தடுக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும், இரண்டு மாதத்துக்கு மேல் தானாக நீளாது, மாநில அரசு நீட்டித்தாலும் அதற்கும் ஆறு மாத வரம்பு உண்டு. நியாயமான கருத்தை அமுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் சொல்லியிருக்கிறது. அதைவிட முக்கியம், 188-க்குப் போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட முடியாது. உத்தரவு போட்ட அதிகாரி, அல்லது அவருக்கு மேலே உள்ளவர், எழுத்தில் நீதிமன்றத்துக்குப் புகார் கொடுத்தால்தான் வழக்கு. இதை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2018 செப்டம்பரில் கரூர்ப் பக்கத்து வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லி, அதற்கு மாறாகப் போட்ட எஃப்.ஐ.ஆர்.களை ரத்து செய்திருக்கிறது. "இது நிக்காது" என்று பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

அக்கா மகன் முகத்தில் வெளிச்சம் வந்தது. "அப்ப நாங்க சொன்னதுதான சரி மேடம்? உக்கார எங்களுக்கு உரிமை இருக்கு."

"இருக்கு" என்றார். அமைதியாகவும் ஆயுதமில்லாமலும் கூடுவது அரசியலமைப்பு 19-வது பிரிவு கொடுத்த உரிமை. பொதுத்தெருவில் கூட்டமே கூடாது என்று ஒட்டுமொத்தமாகத் தடுக்க முடியாது என்று 1972-லேயே உச்ச நீதிமன்றம் அகமதாபாத் வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது. ஒழுங்குபடுத்தலாம், அழிக்க முடியாது. அன்றைக்கு மண்டபத்தில் வைத்ததும் கைதுதான். காரணம் சொல்லியிருக்க வேண்டும், வக்கீலைப் பார்க்கக் கேட்டிருக்கலாம், 24 மணி நேரத்தைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டுபோயிருக்க வேண்டும். அது 22-வது பிரிவு. "நீங்க யாராவது என்ன பிரிவுல பிடிக்கிறீங்கன்னு கேட்டீங்களா?" கேட்கவில்லை. பொட்டலத்தில் முட்டை இருக்கிறதா என்றுதான் கேட்டோம்.

பிறகு 143. சட்டவிரோதமாகக் கூடுவது. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்தாலே அது சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது. குற்றம் செய்வது போன்ற ஒரு நோக்கம் அந்தக் கூட்டத்துக்குப் பொதுவாக இருக்க வேண்டும். கோரிக்கை வைக்கக் கூடுவது குற்றம் இல்லை. "அதனால இது நிக்குமா நிக்காதாங்கறது இந்த நடு நம்பரைப் பொறுத்தது" என்று விரலை 341-ல் வைத்தார். அது என்ன என்று அக்கா கேட்டாள். அவர் பெரிய புத்தகம் எதையும் எடுக்கவில்லை. "ஒருத்தர் போறதுக்கு உரிமையுள்ள திசையில அவரைப் போகவிடாமத் தடுக்கறது" என்றார். "அந்த பஸ்ஸை எவ்வளவு நேரம் நிறுத்தினீங்க?"

அக்கா மகன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. 'உரிமையுள்ள திசையில்' என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். உச்சிப்புளி ஒரு திசை. ஈரச் சாக்குப் போட்ட கூடை அந்தத் திசையில் போக வேண்டியிருந்தது. மூன்று எண்களில் ஒன்று எங்கள் மேல் தவறாகப் போடப்பட்டது, இன்னொன்று நடு எண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்பது. தவறானதை எதிர்க்கும் சட்டம் எங்கள் பக்கம் இருந்தது, நாங்கள்தான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அந்த நடு எண் உண்மை. அந்த உண்மைக்குச் சாட்சி சொல்ல எந்தப் போலீஸும் வேண்டாம், செய்தித்தாளே தலைப்புப் போட்டிருக்கிறது. சிறைபிடித்து என்று.

வெளியே வந்ததும் மரத்தடியில் நின்றபடி அவன் கேட்டான். "மாமா, அந்த மீன்காரப் பாட்டி ஞாபகம் இருக்கா?" ரொம்ப நாளாக இருக்கிறது என்று சொன்னேன்.

மீறுவது வேறு

அன்றிலிருந்து நான் யோசித்துக்கொண்டிருப்பது இதைத்தான். சட்டத்தை மீறுவது வேறு, சட்டம் எனக்கு இல்லை என்று சொல்வது வேறு. நாம் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், அதிலும் இரண்டாவதுதான் பெரிய வீரம் என்று நினைக்கிறோம். சுதந்திரப் போராட்டத்தை ஒவ்வொரு மேடையிலும் இழுக்கிறோம். ஆனால் அவர்கள் எப்படி மீறினார்கள் என்பதை யாரும் சொல்வதில்லை. 1922 மார்ச்சில் அகமதாபாத்தில் ராஜதுரோக வழக்கில் நின்ற காந்தி, குற்றத்தை ஒப்புக்கொண்டு அதிகபட்சத் தண்டனையைக் கேட்டார். ஆறு வருடம் கொடுத்தார்கள். எங்கள் கடலுக்கு வடக்கே, இதே பாக் நீரிணையின் கரையில், 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை ராஜாஜியோடு நடந்தவர்கள் உப்பு எடுத்தால் கைது என்று தெரிந்தே உப்பு எடுத்தார்கள். எந்தச் சட்டம் அநியாயம் என்றார்களோ அந்தச் சட்டத்தையே மீறினார்கள். வழியில் போகிற மீன்காரியின் கூடையை மறிக்கவில்லை. எங்களுக்கு 341-வது பிரிவோடு எந்தச் சண்டையும் இல்லை. நாளைக்கு எங்கள் வீட்டுப் பிள்ளையை யாராவது வழியில் மறித்தால் அதே பிரிவைத்தான் தேடிப்போய் நிற்போம். சண்டை இல்லாத சட்டத்தை, சண்டை இல்லாத மனுஷி மேல் உடைத்துவிட்டு, அதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்தோம்.

"கடலில் எவனும் கோடு போட முடியாது" என்பது எங்கள் பக்கத்து முழக்கம். நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் கடலில் கோடு இருக்கிறது, அதில் சில கோடுகள் எங்களையே காப்பாற்றுகிறவை. கரையை ஒட்டிய கடலில் விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது என்று 1983 மீன்பிடிச் சட்டம் சொல்வது நாட்டுப்படகுக்காரன் வலை மிஞ்சட்டும் என்பதற்காக. பாக் நீரிணையில் விசைப்படகுக்குத் திங்கள், புதன், சனி, நாட்டுப்படகுக்கு மற்ற நாட்கள் என்று பிரித்ததும் வெட்டுக் குத்து வரை போன சண்டைகளுக்குப் பிறகு வந்த ஏற்பாடு. விசைப்படகு தப்பான நாளில், தப்பான இடத்தில் வந்து வலையை அறுத்துக்கொண்டு போனால் நாட்டுப்படகுக்காரர்கள் அதைச் 'சிறைபிடிக்கிறார்கள்'. மறுபடியும் அதே வினைச்சொல். பிடித்துவிட்டு மீன்வளத்துறை அதிகாரியைக் கூப்பிட்டு, "சட்டப்படி நடவடிக்கை எடுங்க" என்கிறார்கள். அடிக்கிறவன் கையில் சட்டம் இருந்தால் சட்டம் எதற்கு, அடி நம் மேல் விழுந்தால் சட்டம் எங்கே. இந்த இரண்டு கேள்வியையும் ஒரே வாய் கேட்பதை இந்தக் கரையில் ஒரே வாரத்தில் கேட்கலாம்.

சின்னப்பாலத்துப் பெண்களைப் பற்றி இங்கே சொல்லாமல் போக முடியாது. கடல்பாசி எடுக்கிறவர்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21-ஐயும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா ஆக்கியபோது அவர்கள் காலகாலமாகப் போன இடம் ஒரே நாளில் தடைப்பகுதி ஆயிற்று. வனத்துறையோடு வருடக்கணக்கில் இழுபறி. அவர்களும் போராடினார்கள், சங்கம் வைத்தார்கள், அடையாள அட்டை கேட்டார்கள். அதோடு நிற்காமல் மாதத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் பாசி எடுப்பது, மீன்பிடித் தடைக் காலத்தில் ஒன்றரை மாதம் கடலில் இறங்குவதே இல்லை என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். எங்களைத் தடுக்காதே என்று கேட்ட அதே பெண்கள், தங்களைத் தாங்களே எங்கே நிறுத்திக்கொள்வோம் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். சுதந்திரம் என்ற சொல்லுக்கு நான் நேரில் பார்த்த பொருத்தமான அர்த்தம் அதுதான். பள்ளிக்கூடம் பார்க்காதவர்கள் பலர் அதில்.

அக்கா மகன் வழக்கு மதுரைக் கிளையில் ரத்தானது. ஐந்து மாதம் ஆயிற்று. குவைத் வேலை போய்விட்டது, பிறகு வேறு கிடைத்தது. வெறும் எஃப்.ஐ.ஆர். இருப்பதே நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருப்பதாக ஆகாது என்று சொல்லும் தீர்ப்புகளும் உண்டு, அதைப் பிடித்து பாஸ்போர்ட் அலுவலகத்தில் வாதாடியிருக்கலாம். ஆனால் முழுவதுமாகத் துடைத்துவிடலாம் என்றார் வக்கீலம்மா. 188 நிற்கவில்லை. 143-ம் 341-ம் காலம் கடந்துபோனதால் விழுந்தன. இந்த அளவு சின்னக் குற்றங்களுக்கு ஒரு வருடத்துக்குள் நீதிமன்றம் வழக்கை எடுத்திருக்க வேண்டும், போலீஸ் மூன்று வருடம் குற்றப்பத்திரிகையே போடவில்லை. இப்போது சட்டப் புத்தகங்கள் மாறி, எண்களும் மாறிவிட்டன. 2024 ஜூலையிலிருந்து 341 என்பது 126, 144 என்பது 163. எண் எதுவானாலும் அக்கா மகன் சொன்ன ஒரு வாக்கியம்தான் எனக்கு நிற்கிறது. "காலம் கடந்ததால போச்சு மாமா, நாம செய்யாததால போகல."

பாதி ரோடு

போன வருடம் மறுபடி படகுகள் பிடிபட்டன. ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து இரண்டு விஷயம் சொன்னேன். பிடிக்க வரும் போலீஸிடம் பிரிவைக் கேட்போம், வெளியே வந்ததும் எஃப்.ஐ.ஆரைத் தேடி எடுப்போம், அதற்கு என் கடையில் காசு வேண்டாம். இதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். அப்புறம் ரோட்டில் பாதியை விட்டுவிட்டு உட்காருவோம், பேருந்தும் மீன் வண்டியும் போகட்டும் என்றேன். பொதுவழியைக் காலவரையில்லாமல் அடைத்துக்கொள்ள முடியாது என்று டெல்லி ஷாஹீன் பாக் மறியல் வழக்கில் 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னதையும், தண்டவாளத்தில் உட்கார்ந்தால் ரயில்வே சட்டம் 174-ல் இரண்டு வருடம் வரை உள்ளே போக வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். ஒரு பெரியவர் கேட்டார். "தம்பி, வழி விட்டு உக்காந்தா நம்மள எவன் திரும்பிப் பாப்பான்? அம்பது வருசமா வழி விட்டுத்தான நிக்கிறோம்."

அது லேசில் தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. கலெக்டர் அலுவலக வாசலில் மனுவோடு நின்ற நாட்களில் ஒரு கேமராவும் வந்ததில்லை, பேருந்தை நிறுத்திய அன்றைக்கு ஐந்து வந்தன. அதை நான் மறுக்க மாட்டேன். நான் சொன்ன பதில் இவ்வளவுதான்: மறிக்க வேண்டும் என்றே முடிவு செய்தால் மறிப்போம், ஆனால் யாரை மறிக்கிறோம் என்று தெரிந்து மறிப்போம், 'நான்தான் மறித்தேன்' என்று பெயரை மாற்றாமல் எழுதிக்கொடுத்துவிட்டு மறிப்போம். அதற்குத் தயாராக இருப்பவர்கள் கை தூக்குங்கள் என்றேன். கை தூக்கியவர்கள் குறைவு. பாதி ரோடு என்று முடிவாயிற்று. மறியல் அன்று காலையில் ஒரு மணி நேரம் பாதி ரோடு இருந்தது. பிறகு பையன்கள் நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். நானும் இன்னும் மூன்று பேரும் எழுந்து நின்று ஒவ்வொரு பேருந்தாகக் கெஞ்சி அனுப்பிக்கொண்டிருந்தோம். எங்களைத் துரோகி என்று திட்டியவர்களும் உண்டு. பன்னிரண்டு பேருந்து போயிற்று என்று எண்ணினேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் உச்சிப்புளியில் அந்த அம்மாவைப் பார்த்தேன். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து மீனைக் கூறு போட்டுக்கொண்டிருந்தார். முகம் எனக்கு மறந்தே போகவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "ஆத்தா, நாலு வருசத்துக்கு முன்னாடி தங்கச்சிமடத்து மறியல்ல உங்க பஸ்ஸ நிறுத்தினோம். சூடை மீன் கூடை வச்சிருந்தீங்க. ஆட்டோவுல ஏத்தணும்னு கேட்டீங்க. நாங்க விடல. நானும் அங்க உக்காந்திருந்தேன்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். கையில் இருந்த மீனைக் கூறில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

"எந்த மறியலைச் சொல்ற தம்பி?" என்றார். "ஒண்ணா, ரெண்டா."